எல்லாவற்றுக்கும் ஆம்

இது நடந்தது. கதை கட்டும் திறமை எனக்குக் கிடையாது. விடுப்புக் கடிதத்தில் ஒரு காய்ச்சலைக்கூட நம்பும்படி எழுதத் தெரியாதவள் நான். அந்த டயாலிசிஸ் மையத்தில் பதிவு மேசையில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தேன். இது யாருக்கு நடந்ததோ அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் பொய் சொல்ல மாட்டார் என்பதும் தெரியும். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி, மழை, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அவரை நாங்கள் சர்வர் அக்கா என்போம். மையத்தின் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் அந்தப் பெயர். "சர்வர் அக்கா, மூணாம் டேபிளுக்கு ரெண்டு காபி" என்று நர்ஸுகள் சீண்டினால், "முதல்ல டிப்ஸை வை" என்பார். வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். தனிமையைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் சாயங்காலம் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, அவர் மட்டும் இல்லாத வேலையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அந்த ஞாயிறு அவருக்கு அங்கே கடைசி நாள். வேறு ஊரில் தங்கை குடும்பம் இருந்தது. "எங்களோட வந்து இருந்துடு" என்று அவள் மூன்று வருஷமாக நச்சரித்து, கடைசியில் இவர் சரி என்றிருந்தார். வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. பெட்டி காவலாளியின் அறையில். பஸ் மாலை ஐந்தரைக்கு.

சர்வரின் மென்பொருள்களை எல்லாம் புதுப்பித்து வைப்பதுதான் மிச்சமிருந்த ஒரே வேலை. நோயாளிகள் வராத ஞாயிற்றுக்கிழமையில்தான் அதைச் செய்ய முடியும். திங்கள் காலை ஆறு மணிக்கு முதல் வரிசையில் பன்னிரண்டு பேர் வந்து படுப்பார்கள். யாருக்கு உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்ற எண்கள் எல்லாம் அந்தச் சர்வரில்தான் இருக்கின்றன. அதனால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போக வழியே இல்லை.

12:35. மாடி ஏறுவதற்கு முன்னால் தங்கையிடமிருந்து போன்.

"அக்கா, இந்தத் தடவையாவது வந்துடுவியா?"

"வந்துடுவேன்டி."

"போன மூணு தடவையும் இதையேதான் சொன்னே. சர்வர் படுத்துக்கிச்சுன்னுட்டே."

"இந்தத் தடவை அது படுத்தாலும் நான் கிளம்பிடுவேன். போதுமா?"

சர்வர் அறை மூன்றாவது மாடியின் கோடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கதவு கார்டைத் தேய்த்தால்தான் திறக்கும். உள்ளே குளிர், இயந்திர விசிறிகளின் இரைச்சல், ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் காவலாளியோடு பேச ஒரு இன்டர்காம். கைபேசிக்கு அங்கே சிக்னல் வராது.

1:05. மடிக்கணினி வழியாகச் சர்வருக்குள் நுழைந்து பேக்கேஜ் மேனேஜரை ஓட்டினார். மென்பொருள்களை ஏற்றுவது, புதுப்பிப்பது, நீக்குவது எல்லாம் பார்த்துக்கொள்ளும் நிரல் அது. ஓட ஆரம்பித்ததும் எச்சரிக்கை வந்தது. 'லோகேலை அமைக்க முடியவில்லை.'

லோகேல் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இயந்திரம் நம்மோடு எந்த மொழியில் பேச வேண்டும், தேதியை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். அதில் குழப்பம் வந்தால் பேக்கேஜ் மேனேஜர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை முனகும். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் வேலை பார்க்கிற யாருக்கும் இது பழகிய தலைவலி. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். வெளியிலிருந்து சர்வருக்குள் வருகிறவரின் கம்ப்யூட்டர் தன் மொழியையும் கூடவே கொண்டுவரும். அந்த மொழி சர்வரில் இல்லையென்றால் அது முழிக்கும்.

இந்தச் சர்வர் கேட்ட மொழி தமிழ்.

அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் அவருடைய மடிக்கணினி முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. எதற்கும் ஒருமுறை பார்த்தார். ஆங்கிலம்தான். அப்படியானால் தமிழை யார் கொண்டுவந்தது?

1:25. சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினார். இனி வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. சர்வரோடு நேரடியாக இணைந்திருந்த திரைக்கும் விசைப்பலகைக்கும் முன்னால் போய் உட்கார்ந்து மறுபடி ஓட்டினார். அதே எச்சரிக்கை. அதே தமிழ்.

அமைப்புக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எதிலும் தமிழ் இல்லை. மொழியே வேண்டாம், வெறும் அடிப்படை போதும் என்று கட்டளையிட்டார். ஒரு தடவை கேட்டது. அடுத்த தடவை பழையபடி தமிழ். இப்படியே முக்கால் மணி நேரம் போய்விட்டது.

2:10. அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. பஸ் ஐந்தரைக்கு. கேட்பதைக் கொடுத்துத் தொலைத்தால் வாயை மூடிக்கொள்ளும் என்று முடிவு செய்து, தமிழ் லோகேலை உருவாக்கிக் கொடுத்தார். அரை நிமிஷ வேலை. எச்சரிக்கை உடனே நின்றது.

2:18. பிடுங்கிய கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு மறுபடி ஓட்டினார். இப்போது இயந்திரம் தமிழில் பேசியது.

'87 மென்பொருள்கள் புதுப்பிக்கப்படும். தொடரவா? [ஆம்/இல்லை]'

ஆம் என்றால் ஒரு விசை, இல்லை என்றால் இன்னொரு விசை. அதில் சிக்கல் இல்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. அந்த மாதிரிக் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து ஒழுங்காக வராது, கட்டம் கட்டமாக உடைந்துதான் வரும். இங்கே ஒற்றும் கொம்பும் சுத்தமாக விழுந்திருந்தன. புதுசாக ஏதாவது சரி செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு ஆம் என்று தட்டினார்.

2:41. இருபத்து மூன்று முடிந்திருந்தது. நடுவில் நின்று ஒரு கேள்வி. பழைய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதை எழுதவா என்று பேக்கேஜ் மேனேஜர் கேட்பது வழக்கம்தான். ஆனால் கேட்ட விதம் வேறாக இருந்தது.

'இந்தக் கோப்பை நான் திருத்தி வைத்திருக்கிறேன். அப்படியே இருக்கட்டுமா? [ஆம்/இல்லை]'

நானா? எந்த நிரலும் தன்னை நான் என்று சொல்லிக்கொள்ளாது. மொழிபெயர்த்த புண்ணியவான் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பார் என்று அக்கா நினைத்தார். ஆம்.

2:56. மறுபடி நின்றது.

'சாப்பிட்டாச்சா? [ஆம்/இல்லை]'

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயம் வரவில்லை. நிரல் எழுதுகிறவர்கள் இப்படி எங்காவது ஒரு வேடிக்கையை ஒளித்து வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அம்மா போன பிறகு ஒரு மத்தியான வேளையில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. நாங்கள்கூடக் கேட்டதில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாப்பிட்டிருக்கவில்லை. உண்மையையே தட்டினார். இல்லை.

'சாப்பிட்டுவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.'

என்ட்டரைத் தட்டினார். நகரவில்லை. மறுபடி தட்டினார். நகரவில்லை. சரி, எப்படியும் பசிக்கிறது என்று பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். நான்கு பிஸ்கட் தின்று, தண்ணீர் குடித்து, மடியில் விழுந்த தூளைத் தட்டிவிட்டார்.

வேலை தானாக ஓட ஆரம்பித்தது. அக்காவின் கை விசைப்பலகைப் பக்கமே போயிருக்கவில்லை.

அப்போதுதான் முதல் தடவையாக முதுகு சில்லிட்டது. ஏசிதான் என்று சொல்லிக்கொண்டார். துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

3:22.

'வீட்டில் யாராவது காத்திருக்கிறார்களா? [ஆம்/இல்லை]'

வீடே காலி செய்தாகிவிட்டது. தங்கை காத்திருக்கிறாளே, அதுவும் வீடுதானே. ஆம் என்று தட்டினார்.

'இந்த அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா? [ஆம்/இல்லை]'

அக்கா திரும்பிப் பார்த்தார். மூடிய கதவு. இயந்திர அலமாரி. அதில் பச்சை விளக்குகள். யாரும் இல்லை. ஆனாலும் பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஆம் என்று தட்டினார்.

சில நொடிகள் ஒன்றும் இல்லை.

பிறகு ஒரே ஒரு சொல்.

'இல்லையே.'

3:26. யார் யார் சர்வருக்குள் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலை இன்னொரு திரையில் திறந்தார். ஒரே வரி வர வேண்டும். இரண்டு வந்தன. முதல் வரியில் அக்கா. இரண்டாவது வரியில், அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர். மூன்றரை வருஷம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்ததாகத் தேதி. 'வேலையை விட்டுப் போயிட்டார்' என்று மட்டும்தான் அவரைப் பற்றி அக்காவுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சர்வர் எத்தனையோ தடவை அணைத்துப் போடப்பட்டிருக்கிறது. அந்த வரி இருக்கவே முடியாது.

ஓடிக்கொண்டிருந்ததைச் சட்டென்று நிறுத்தினார். அறுபத்தொன்று முடிந்திருந்தது. இருபத்தாறு பாக்கி.

இன்டர்காமை எடுத்தார். ட்ரிங்… ட்ரிங்… ட்ரிங்…

"சொல்லுங்கம்மா." காவலாளி.

"மாடிக்கு யாராவது வந்தாங்களா?"

"இல்லம்மா. நீங்க ஒருத்தர்தான்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"மெயின் கதவே பூட்டித்தாம்மா இருக்கு." ஒரு நொடி நிறுத்தினார். "ஏம்மா, டைப் அடிச்சுக்கிட்டே பேசுறீங்களா? டக்கு டக்குன்னு சத்தம் வருது."

அக்காவின் ஒரு கை இன்டர்காமில். இன்னொரு கை நெஞ்சில்.

எழுந்து ஓடியிருக்கலாம். நானாக இருந்தால் செருப்பைக்கூடப் போட்டிருக்க மாட்டேன். கதவு வரை போகத்தான் செய்தார். ஆனால் பாதியில் நின்ற சர்வர் காலையில் எழுந்திருக்காது. ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேர் வந்து படுப்பார்கள். அதில் ஒருவர் இவரைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற ஆள். அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார்.

எப்படியாவது முடிக்க வேண்டும். ஆனால் அது கேட்கக் கூடாது. இனி ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது.

அதற்கு ஒரு வழி உண்டு. கட்டளையின் கடைசியில் ஒரு சிறு கோடும் ஒரே ஓர் எழுத்தும் சேர்த்தால் போதும். எதைக் கேட்டாலும் ஆம் என்று வைத்துக்கொள், என்னைத் தொந்தரவு செய்யாதே என்று அர்த்தம். அந்தத் தொழிலில் எல்லாரும் அவசரத்துக்குச் செய்வதுதான். அக்கா ஆயிரம் தடவை செய்திருப்பார்.

4:01. அந்த எழுத்தைச் சேர்த்து ஓட்டினார்.

வரிகள் மளமளவென்று ஏறின. அறுபத்திரண்டு. அறுபத்தைந்து. எழுபது. நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று வந்தது.

'தொடரவா? ஆம்.'

'பழைய கோப்புகளை நீக்கவா? ஆம்.'

எழுபத்தொன்பது. எண்பத்து மூன்று.

'தனியாக இருந்து பழக்கம்தானே? ஆம்.'

அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

'எனக்குப் பதிலாக இங்கே இருப்பீர்களா? ஆம்.'

"இல்ல…" வாய்விட்டுச் சொன்னார். "இல்ல, இல்ல…"

நிறுத்தும் விசையை அழுத்தினார். அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார்.

நிற்கவில்லை.

'நான் கிளம்பட்டுமா? ஆம்.'

எண்பத்தேழு.

'நன்றி.'

டிக்…

கதவின் பூட்டு. கார்டைத் தேய்த்தால் வரும் சத்தம்.

கதவு மெதுவாகத் திறந்தது…

யாரும் இல்லை.

மெதுவாக மூடியது.

4:07.

சர்வர் நல்லபடியாக ஓடியது. பன்னிரண்டு பேரின் எண்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாம் சரி. தமிழ் லோகேலை அடியோடு அழித்தார். பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினார்.

கீழே காவலாளி சிரித்தார். "ஏம்மா, லிஃப்டைக் காலியா அனுப்பிட்டு நீங்க படியில வர்றீங்க?"

அக்கா பெட்டியை வாங்கிக்கொண்டார். ஐந்தரை பஸ்ஸில் ஏறினார். இரவு பத்தே காலுக்கு பஸ் நிலையத்தில் தங்கை கட்டிக்கொண்டு அழுதாள். நான்காம் தடவையாவது வாக்கைக் காப்பாற்றிவிட்டார். கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

தங்கை வீட்டில் அவரோடு சேர்த்து ஆறு பேர். பிள்ளைகள் பெரியம்மா பெரியம்மா என்று மேலேயே விழுந்து கிடந்தன. ஆனால் தங்கை என்னிடம் போனில் சொன்னாள், "அக்கா வந்தும் வராத மாதிரிதாங்க இருக்கு. கூப்பிட்டா ரெண்டு மூணு தடவை கழிச்சுத்தான் திரும்பிப் பார்க்கிறா." அக்காவிடம் கேட்டேன். "என்னமோ தெரியலை. எல்லாரும் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. நான் மட்டும் எங்கேயோ குளிர்ல உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

ஏழு வாரம் கழித்து அவருக்கு ஒரு போன் வந்தது. அவருடைய இடத்துக்குப் புதிதாக வந்தவர். ஐம்பது வயது, அனுபவஸ்தர். மென்று விழுங்கித்தான் பேசினார்.

"மேடம், உங்களுக்கு முன்னாடி இருந்தவர் வேலையை விட்டுப் போகலை. தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த அறையிலேயே. தனியா இருந்திருக்கார், மாரடைப்பு. திங்கட்கிழமை காலைலதான் பார்த்திருக்காங்க. ஓட்டிக்கிட்டிருந்த அப்டேட் பாதியில நின்னு போச்சு."

அக்கா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம் ரெண்டும் பதிவாகும் இல்லையா? அவர் ஆரம்பிச்சதுக்கு இப்ப முடிஞ்ச நேரம் விழுந்திருக்கு மேடம். உங்களோட கடைசி ஞாயிறு. நாலு மணி ஏழு நிமிஷம்."

"என்னோடது?"

"ஆரம்பிச்சது இருக்கு. முடிஞ்சது… இல்லை."

அடுத்த அறையில் பிள்ளைகள் கத்தி விளையாடிக்கொண்டிருந்தன. அக்கா கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அது பரவாயில்லை மேடம். முந்தாநேத்து நான் ஓட்டினேன். தமிழ் லோகேல் இல்லைன்னு எச்சரிக்கை. போகவே இல்லை. சரி, கேக்குறதைக் குடுத்துடுவோம்னு போட்டுவிட்டேன். நடுவுல ஒரு கேள்வி வந்தது. அப்புறம் மொழிபெயர்ப்புக் கோப்பு எல்லாத்தையும் தேடிட்டேன், அப்படி ஒரு வரி எதுலயுமே இல்லை."

"என்ன கேள்வி?"

"'பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் கிளம்பட்டுமா?'ன்னு."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க என்ன தட்டுனீங்க?"

"பயந்துட்டேன் மேடம். யாரு, என்னன்னு ஒண்ணும் புரியலை. இல்லைன்னு தட்டிட்டேன்."

"மறுபடி ஓட்டுங்க. இப்பவே ஓட்டுங்க. திரும்பக் கேட்டா ஆம்னு…"

"நேத்து முழுக்க அதைத்தான் பண்ணினேன் மேடம். பதினாலு தடவை ஓட்டிட்டேன். இப்ப அது எதையுமே கேக்குறதில்லை."